காதில் வைத்த ஸ்குரூட்ரைவர்

ஹாலி-எலையில் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் போன் செய்து, "செத்த டர்போ காருக்கு உயிர் கொடுக்கிற பாஸ் ஒருத்தர் இருக்கிறார், வந்து பார்" என்றார். எனக்கு வாகனம் ஓட்டத் தெரியும், பொனட்டைத் திறந்தால் ஒன்றும் புரியாது. ஐந்து வருடம் நின்றுபோயிருந்த தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி தொடங்கியிருந்தது. புதிய கார் வரும் காலத்தில் பழசைத் தூக்கி நிறுத்துகிறவரின் பிழைப்பு என்னாகும் என்ற யோசனையுடன் ஆகஸ்டில் பதுளைக்கு ரயில் ஏறினேன்.

பசறை வீதியில் தகரக் கூரை போட்ட கராஜ். பின்னால் தேயிலை. கச்சான் காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போவதுபோல் அடித்தது. ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம் தருவது இந்தக் காய்ந்த காற்றுதான்.

உள்ளே ஒரு டொயோட்டா ஸ்டார்லட் ஜிடி டர்போ நின்றது. ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் நான் நினைத்து வந்தது வேறு. இது மார்க்கெட்டுக்குப் போகிற சின்னக் கார் மாதிரி இருந்தது, பொனட்டில் மட்டும் ஒரு காற்று வாய். ஆனால் 1331 சிசி எஞ்சினில் 135 குதிரைவலு. மொத்த எடை 900 கிலோகூட இல்லை. மலைக்கு இதுதான் தோது என்றார் பாஸ். பண்டாரவளை 1200 மீற்றருக்கு மேலே. அங்கே காற்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்துவிடும், சாதாரண எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். டர்போ அந்தக் காற்றை அமுக்கி ஊட்டிவிடும்.

ஒரு தோட்டத்து பங்களாவின் பின்கொட்டிலில் பதினொரு வருடம் கிடந்த வண்டி. டாங்கிக்குள் துரு. வயர்களை எலி தின்றிருந்தது. பிரேக் பிஸ்டன்கள் இறுகியிருந்தன. டர்போவின் அச்சு சுற்றவே இல்லை.

பாஸ் டர்போவைக் கழற்றி என் கையில் வைத்தார். ஒரு தேங்காய் அளவு இருக்கும். எஞ்சின் வெளியே தள்ளும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்குகிறது. நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் போகும் அந்த அச்சைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம். சூட்டோடு சாவியை அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நிற்கும், உள்ளே தங்கியது தீய்ந்து கரியாகும். அந்தக் கரியை அவர் நகத்தால் சுரண்டிக் காட்டினார்.

"சும்மா போட்டு வச்சவன் கெடுத்தது கொஞ்சம் தம்பி. ஓட்டினவன் கெடுத்ததுதான் கூட."

புது புஷ்களும் சீல்களும் போட்டபின் அச்சை ஆட்டிப் பார்க்கச் சொன்னார். பக்கவாட்டில் மயிரிழை ஆடலாம், முன்னும் பின்னும் இழுத்தால் கைக்கு ஒன்றும் தெரியக் கூடாது. வயரிங் வேலைக்கு முழுதாக ஒரு நாள் போனது. எனக்குத் தூக்கம் வந்துவிட்டதால் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது ஒரு ஸ்குரூட்ரைவர். முழங்கை நீளம். மரப்பிடியின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. அப்பாவுடையது என்றார். அப்பா தேயிலை பெக்டரியில் பிட்டர். ரோலர், காயவைக்கும் மிஷின் எதுவானாலும் நுனியை பேரிங் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துத்தான் நோய் பார்ப்பாராம். பத்து வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன இவர் அங்கேயே கேட்கப் பழகியிருக்கிறார். காயவைக்கும் மிஷின்கள் பெல்பாஸ்ட் நகரில் டேவிட்சன் கம்பனி செய்த சிரோக்கோ. அவற்றுக்குக் காற்று ஊட்டியது பெரிய விசிறி. "இதுவும் விசிறிதான், சின்னது, கோவம் கூட" என்று டர்போவைத் தட்டினார்.

எஞ்சின் ஓடும்போது எனக்கும் காதில் வைத்தார். இரைச்சல்தான் கேட்டது. நுனியை ஒரு விரல் தூரம் நகர்த்தினார். இரைச்சலுக்கு அடியில் உலர்ந்த மணலைத் தேய்ப்பதுபோல் ஒன்று. "வாட்டர் பம்ப். டைமிங் பெல்ட்டோட மாத்தணும்."

வேகம் கூட்டும் வேலையில் அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பிரேக். பிறகு ரேடியேட்டர். அமுக்கிய காற்று சூடாகும் என்பதால் எஞ்சின் தலையில் இருந்த இன்டர்கூலரை விட்டு, முன்னால் பெரியதொன்று. டர்போவின் அமுக்கத்தைக் கூட்டும் பூஸ்ட் வேலை கடைசியில்தான். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடம் விலகி ஏழு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, பிரேக்குக்குக் காசு இல்லை என்கிறவரின் வண்டியை இவர் தொடுவதில்லை.

காசு என்றதும் புரோக்கரின் கதை வந்தது. கொட்டிலில் கிடந்ததை இரும்பு விலைக்கு வாங்கியவர் அவர். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பாகங்கள் வரும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியபோது பாகங்களின் விலையும் சேர்ந்து ஏறியது, பாஸின் கூலி இருந்த இடத்திலேயே இருந்தது. வேலை முடிந்தால் பின்கண்ணாடியில் கொழும்புக் கடையின் ஸ்டிக்கர். விற்ற விலையை இவர் அடுத்தவர் சொல்லித்தான் அறிவார். 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கிய நாளிலிருந்து இந்த மலைக்கு இது பழக்கம்தானே! கொழுந்து கிள்ளியவளுக்கு ஏல விலை தெரியாது, எஞ்சினுக்குள் கை விட்டவனுக்குக் கார் விலை தெரியாது. நடுவில் நிற்பவனுக்கு மட்டும் இரண்டு விலையும் தெரியும். நான் குரலை உயர்த்தியிருக்க வேண்டும். "மைக் வேணுமா?" என்றார் நண்பர். பாஸ் சிரித்துக்கொண்டே நட்டு முடுக்கினார்.

மூன்றாம் நாள் மாலை புரோக்கர் வந்தார். வண்டியை மேட்டு வழியில் விரட்டிவிட்டுத் திரும்பினார். காதில் போன். நிறுத்திய கையோடு சாவியைத் திருப்பி அணைத்தார்.

பாஸ் ஒன்றும் பேசவில்லை. ஜன்னலுக்குள் கையை விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தார். பேசிய கூலியில் பாதிதான் அன்று கிடைத்தது. அதை எண்ணாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ரெண்டு நிமிஷம் ஓடட்டும் சேர்" என்றார்.