தேய்ந்ததா, தேய்த்ததா?

பழைய பவுன் காசைக் கையில் கொடுத்ததும் பலரும் கேட்பது, "எத்தனை கிராம் நிற்கும்?" என்பதைத்தான். ஒரு சவரன் காசின் முழு எடை 7.988 கிராம், 12 பங்கில் 11 பங்கு தங்கம். 7.938 கிராமுக்குக் கீழே இறங்கிவிட்டால் அது செல்லாது என்றது 1870ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாணயச் சட்டம். அதாவது, புழக்கத்தில் ஒரு காசு இழக்கலாம் என்று விட்டுக்கொடுத்தது வெறும் 50 மில்லிகிராம். தரம் பார்க்கிற என் வேலை பெரும்பாலும் அந்த 50 மில்லிகிராமுக்குள்தான். அது எந்த இடத்திலிருந்து போனது, எதனால் போனது?

டியூப்லைட் இதற்கு உதவாது. ஒளி நாலாபுறமும் சிதறி, எல்லாக் காசையும் அழகாகக் காட்டிவிடும். ஒற்றை பல்பு வேண்டும், மேசையில் மெத்தென்ற துணி வேண்டும். விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, லென்ஸை எடுப்பதற்கு முன்பே காசை மெல்லச் சாய்த்துத் திருப்புவேன். அச்சு அழுத்தும்போது தங்கம் விளிம்பை நோக்கி நகர்ந்து கண்ணுக்குத் தெரியாத வரிகளை விட்டிருக்கும். புழங்காத காசில் ஒளி அந்த வரிகளில் பட்டு, வண்டிச் சக்கரத்தின் ஆரம்போலச் சுற்றி வரும். அந்தச் சுழற்சி எங்கே அறுகிறதோ அங்கே கை பட்டிருக்கிறது.

ஐந்தாம் ஜார்ஜ் காசில் முதலில் அடிபடுவது புருவம், மீசை, காதுக்கு மேலுள்ள முடி. மறுபக்கம், சிற்பி பிஸ்த்ருச்சி 1817இல் வடித்த புனித ஜார்ஜின் தொடையும் தலைக்கவசமும் குதிரையின் மார்பும். ஆனால் முடி தெளிவாக இல்லை என்பதாலேயே தேய்மானம் என்று எழுதிவிட முடியாது. அச்சே சரியாக விழாமல் போயிருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் பள்ளத்தில் இருக்கிற அதே பளபளப்பு மேட்டிலும் இருக்கும். தேய்ந்த மேடோ வழுவழுத்து, நிறம் ஒரு மாற்று குறைந்ததுபோல் மங்கிக் கிடக்கும். இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்தால் பாதித் தொழில் கைவந்த மாதிரி.

ஷெல்டன் என்ற நாணய ஆய்வாளர் 1949இல் செப்புக் காசுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலைத்தான் இன்று தங்கத்துக்கும் வைக்கிறார்கள். அதில் 60 என்றால் தேய்மானமே இல்லை என்று பொருள். ஆனால் மூட்டையில் மற்ற காசுகளோடு மோதி முகமெல்லாம் வடுவாக இருக்கலாம். லேசாகப் புழங்கிய 58 பல நேரம் அதைவிட லட்சணமாக இருக்கும். எனக்கென்றால் 58தான்.

நம் ஊர்க் காசுகளின் சிக்கல் வேறு. இங்கே சவரன் சந்தையில் புழங்கியதைவிட கழுத்தில் புழங்கியது அதிகம். காசு மாலையில் இருந்த காசில் ஒரு பக்கம் மட்டும் அதிகமாக மழுங்கியிருக்கும். பணப்பையில் கிடந்த காசு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தேயும். உச்சியில் வளையம் பற்றவைத்துப் பின்னால் அரம் போட்டு எடுத்திருந்தால், அந்த இடத்தில் விளிம்பின் வரிப்பற்கள் அழிந்திருக்கும். காசைப் படுக்கவைத்து எவ்வளவு பார்த்தாலும் இது சிக்காது. நிமிர்த்தி விளிம்பை முழுச் சுற்று பார்க்க வேண்டும்.

"பூந்திக்கொட்டை போட்டு நல்லா தேய்ச்சுக் கொண்டாந்திருக்கேன் தம்பி" என்று பெருமையோடு ஒரு ஆச்சி நீட்டும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாது. பிரஷ் பட்ட காசில் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் வெளிச்சத்தில் நிற்கும். இயல்பான தேய்மானத்துக்கு ஒரு கிரேடு உண்டு. தேய்த்த காசுக்கு "கழுவியது" என்ற குறிப்புதான், பெரும்பாலும் தங்க விலைதான். உரைகல்லும் அப்படியே: உரசியதும் விளிம்பில் ஒரு வெட்டு விழுந்துவிடும். எக்ஸ்ரே கருவி வைத்திருக்கிற கடைக்குப் போங்கள்.

அந்தக் கருவியும் எல்லாம் சொல்லாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிலானிலும் பெய்ரூட்டிலும் அடித்த போலிகள் பலவற்றில் தங்கம் சரியாகவே இருந்தது. காசுக்குத் தங்க விலையைவிடக் கூடுதல் கிடைத்த காலம் அது. அங்கே எழுத்துகளின் ஓரக் கூர்மையையும், வெற்றுப்பரப்பில் தேவையில்லாமல் புடைத்து நிற்கும் சிறு பொட்டுகளையும்தான் நம்ப வேண்டும்.

பம்பாயில் 1918இல் மட்டும் ஏறத்தாழ 13 லட்சம் சவரன்கள் அடித்தார்கள். அடையாளம், ஆண்டுக்கு மேலே தரைக்கோட்டின் நடுவில் ஒரு சின்ன ஆங்கில 'ஐ' (I) எழுத்து. வளையம் வைப்பது ராஜாவின் தலைக்கு மேலே. இந்த எழுத்து இருப்பதோ மறுபக்கத்தின் அடியில். அதனால் பற்றவைத்துக் கெட்ட காசிலும் அது பெரும்பாலும் பிழைத்திருக்கும். 1918 என்று ஆண்டு தெரிந்தால், உருக்கப் போகிற காசாக இருந்தாலும் லென்ஸை அங்கே ஒரு முறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தராசில் போடுவேன்.