எத்தனை அடி தம்பி?

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம், பாமணியாற்றுப் பாசனம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடைத்தெரு டீக்கடையில் நின்று, பேப்பரில் மேட்டூர் கணக்கைப் பார்த்துவிட்டு வருவது என் வேலை. திண்ணையில் ஏறுவதற்குள் தாத்தா கேட்டுவிடுவார்: "எத்தனை அடி தம்பி?"

நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் மூன்றையும் ஒப்பிக்கவேண்டும். அணை நிரம்பினால் 120 அடி என்பது வாய்ப்பாட்டுக்கு முன்பே எனக்குப் பாடம். ஜூன் 12 திறப்பு என்று வைத்துக்கொண்டு தாத்தா விரலை மடக்குவார். "மூணு நாலு நாள்ல கல்லணை. அங்கேருந்து வெண்ணாறு. நீடாமங்கலத்துக்கிட்ட மூணாறு தலைப்புல பிரிச்சு விட்டா நம்ம ஆறு." நடுவே பழைய கதைகள் வரும்: நாற்று கருகிய வருஷம், ராத்திரியில் மடையை அடைக்க வந்தவனோடு மண்வெட்டிச் சண்டை. சண்டைகளில் அவர் தோற்றதே கிடையாது.

அப்பாயிக்கு அணையெல்லாம் பொருட்டில்லை. முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டே, "வழியில யார் யாரு கண்ணுல பட்டா?" என்பாள். யார் பஸ்ஸில் இறங்கினார்கள், கையில் பையா பெட்டியா, முகம் எப்படி இருந்தது, எல்லாம் வேண்டும். பெட்டி என்றால், "கோவிச்சுக்கிட்டு வந்திருப்பா" என்று அவளே முடித்துக்கொள்வாள். "அவ உனக்கு அத்தை முறைடா, பேர் சொல்லாத" என்று முறை சொல்லவும் தவறமாட்டாள். தெருவை விட்டு அதிகம் வெளியே போகாதவள், ஊரில் அவளுக்குத் தெரியாத சங்கதி இல்லை. பேப்பர் வாங்காத அந்த வீட்டில், இருவருக்கும் நான்தான் பேப்பர்.

2003இல் ஜூன் 12 வந்தும் அணை திறக்கவில்லை. குறுவை இல்லை. வயல் வெடித்துக் கிடந்தது. தாத்தா வரப்புப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். கேள்வியை மட்டும் விடவில்லை. சொல்வதற்கு எனக்குத்தான் சங்கடமாக இருக்கும். குறைந்த அடியைச் சொன்னால், "ம்" என்பார். பிறகு ஏதாவது ஒரு வெள்ள வருஷத்துக் கதையைத் தொடங்குவார்.

ஒருநாள் டீக்கடையில் பேப்பரே இல்லை.

"இன்னைக்குப் பாக்கல தாத்தா."

"நேத்துப் பாத்ததைச் சொல்லேன்."

"அதான் நேத்தே சொன்னேனே?"

"சொன்னா என்ன, இன்னொருவாட்டி சொல்லு. இப்புடி வந்து உக்காரு."

உள்ளேயிருந்து முறம் தட்டும் சத்தம் நின்றது. "அணை எங்கயும் ஓடிப்போயிடாது. நீ இங்க வாடா, கடைத்தெருவுல யாரைப் பாத்த?"