நூறு அடிக் கோடு வராத தீவு

எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில் ஆல்ப்ஸ் மலைகளின் பழைய படம் ஒன்று தொங்குகிறது. மன்னார்த் தீவில் ஒரு வீட்டுக்கு இதைவிடப் பொருந்தாத சுவர்ப்படம் கிடையாது. பாலத்தடியிலிருந்து தலைமன்னார் வரை சைக்கிளில் போகிறவன் இடையில் இறங்கித் தள்ளினால் அது காற்றுக்காகத்தான் இருக்கும், ஏற்றத்துக்காக இராது. இங்கே அண்ணாந்து பார்க்க இருப்பவை பனை, கோயில் கோபுரம், பள்ளிவாசல் மினாரா. பள்ளிமுனையில் நிற்கிற பெருக்க மரம் ஊர் அறிந்தது. அதுகூட உயரத்தால் பேரெடுக்கவில்லை, பருமனால்தான்.

படம் சுவிஸிலிருந்து வந்தது. போர்க்காலத்தில் அங்கே போய்ச் சேர்ந்த என் மச்சான், பழைய சாமான் விற்கிற சந்தையொன்றில் வாங்கி, குழாய்க்குள் சுருட்டி, லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தான். "நீ பூமிசாஸ்திரம் படிப்பிச்சனி, உனக்குத்தான் இது விளங்கும். நான் குளிருக்குள்ள ஏறி இறங்கிறதை நீ இருந்த இடத்தில இருந்து பார்" என்றான்.

வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒருவர் எக்ஸ்ரே என்றார். பக்கத்து வீட்டுப் பிள்ளை, தாள் முழுக்க மயிர்க்கொட்டி ஊருது என்றது. பிள்ளை சொன்னதுதான் சரி. ஜெனரல் துய்ஃபூர் என்ற பொறியியலாளரின் தலைமையில் 1845 முதல் 1865 வரை 25 தாள்களாக வெளிவந்த சுவிற்சர்லாந்து இடவிளக்கப் படத்தின் தாள் அது. ஒரு லட்சத்துக்கு ஒன்று என்ற அளவு. செப்புத் தகட்டில் கையால் கீறி அச்சிட்டது. மழைநீர் எந்தப் பக்கம் வழியுமோ அந்தப் பக்கமாகச் சிறு சிறு கீறல்கள். சரிவு கூடக் கூடக் கீறல் தடிக்கும். வெளிச்சம் வடமேற்கிலிருந்து விழுவதாக வைத்துக்கொண்டு தென்கிழக்குச் சரிவுகளைக் கறுப்பாக்கியிருக்கிறார்கள். அந்த நாட்டில் நடுப்பகலில் சூரியன் ஒருநாளும் நிற்காத திசை அது. அந்தப் பொய் வெளிச்சத்தில்தான் மலை தாளைவிட்டு எழும்பி நிற்கிறது.

மொன்ரே ரோசா மலைத்தொகுதியின் உச்சிக்கு, நாட்டின் மிக உயர்ந்த சிகரத்துக்கு, சுவிஸ் அரசாங்கம் 1863இல் துய்ஃபூரின் பெயரையே வைத்தது. அவர் காலத்துப் படத்தில் அதன் உயரம் 4638 மீற்றர்; இன்றைய படத்தில் 4634. மலை தேயவில்லை. அந்த நாட்டின் உயரங்கள் ஜெனீவா ஏரியில் தலைநீட்டி நிற்கிற ஒரு பாறையோடு இணைக்கப்பட்டவை. அந்தப் பாறை கடல் மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பதை 1902இல் திருத்திக் கணக்கிட்டார்கள். மூன்று மீற்றருக்கு மேல் குறைந்தது. கடலையே காணாத நாடு தன் மலையை அளக்கக் கடலைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று மச்சானுக்கு எழுதினேன். "கடல் உங்களிட்டத்தானே கிடக்கு, வாடகை கேளன்" என்று பதில் வந்தது.

எங்கள் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலங்கையின் நில அளவைத் திணைக்களம் 1800 ஆகஸ்ட் 2ஆம் திகதி, ஆளுநர் பிரடெரிக் நோர்த் காலத்தில் தொடங்கியது. பிற்காலத்தில் நாடு முழுவதையும் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் 72 தாள்களில் அது வரைந்து முடித்தது. நுவரெலியாப் பக்கத்துத் தாளை எடுத்தால் சமவுயரக் கோடுகளின் நெருக்கத்தில் ஊர்ப்பெயரை வாசிக்கவே கண் வலிக்கும். மன்னார்த் தாளில் நூறு அடிக் கோடு ஒன்றுகூடத் தீவுக்குள் வராது. வருவதற்கு நிலம் அவ்வளவு எழும்பவில்லை. ரயில் பாதை, வீதி, குளம், பனங்கூடல், மணல், மிச்சம் நீலம்.

பரீட்சைக்கு வருவதோ மலைப்பாங்கான படம். இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு வெட்டுமுகம் வரை, இந்தப் புள்ளியில் நின்றால் அந்தப் புள்ளி தெரியுமா சொல் என்று கேட்பார்கள். குன்று ஒன்றையே காணாத பிள்ளைகளுக்கு அதைப் படிப்பிக்க நான் பள்ளிக்கூட முற்றத்து மணலைக் குவித்து, ஈர்க்கிலால் சுற்றிச் சுற்றிக் கோடு கீறிக் காட்டுவேன். மணலுக்கு இங்கே பஞ்சமில்லை. ஒரு நாள் கடற்றொழில் வீட்டுப் பையன் ஒருவன் குந்தியிருந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "சேர், இது கடலுக்கடியில கிடக்கிற பார் மாதிரித்தானே? ஒரு பக்கம் மெல்ல மெல்ல ஆழும், மற்றப் பக்கம் டக்கெண்டு விழும். அப்பா ஈயக்குண்டு விட்டுப் பார்த்துச் சொல்லுவார், இஞ்ச ஆறு பாகம், இஞ்ச ஒன்பது பாகம் எண்டு."

அவனுக்குத் தெரியாமலே அவன் சரித்திரத்தைச் சொல்லிவிட்டான். சமவுயரக் கோடு மலையில் பிறந்ததல்ல. தண்ணீருக்கு அடியில் பிறந்தது. அதுவும் மலையே இல்லாத ஒல்லாந்தில். 1584இல் பீற்றர் புறூயின்ஸ் என்ற அளவையாளர் ஸ்பார்ன் ஆற்றில் ஒரே ஆழமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்து வரைந்தார். 1730ஐ ஒட்டி நிக்கொலாஸ் குறூக்கியஸ் மெர்வேட ஆற்றின் அடித்தளத்தை முழுக்க அப்படிக் கோடுகளாலேயே காட்டினார். கப்பல் தரை தட்டக் கூடாது, அணை உடையக் கூடாது, அவர்களுடைய கவலை அது. அந்தக் கோடு தண்ணீரைவிட்டுக் கரையேற நெடுங்காலம் பிடித்தது. 1774இல் ஸ்கொட்லாந்தில் ஷிஹாலியன் என்ற மலையை வைத்துப் பூமியின் எடையைக் காணப் புறப்பட்டார்கள். மலையின் கனத்தைக் கணக்கிட உட்கார்ந்த சாள்ஸ் ஹட்டன், ஒரே உயரமுள்ள புள்ளிகளைக் கோட்டால் இணைத்தபோதுதான் தன் கணக்கு சுலபமாவதைக் கண்டார். துய்ஃபூரின் கீறல்களுக்குப் பிறகு சுவிஸ்காரரும் 1870 முதல் வெளியிட்ட அடுத்த படத் தொகுதியில் இந்தக் கோட்டுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

அதே ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து மன்னார்க் கோட்டையைப் பிடித்து, 1795இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை இங்கே இருந்தவர்கள். அவர்களுடைய பாதிரியார் பால்டேயஸ் 1672இல் அம்ஸ்ரடாமில் அச்சிட்ட நூலில் யாழ்ப்பாணத் தீவுகள் தங்கள் நகரங்களின் பெயர்களைச் சுமந்துகொண்டு நிற்கின்றன: காரைநகர் அம்ஸ்ரடாம், வேலணை லெய்டன், நெடுந்தீவு டெல்ஃப்ற். நெடுந்தீவுக்கு அந்தப் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மன்னார் மன்னாராகவே தப்பியதில் எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சிதான்.

கோடு தண்ணீருக்கு அடியில் பிறந்ததென்றால், மன்னாரின் மலைப்படத்தைத் தேடுகிறவர் தரைத்தாளை மடித்து வைத்துவிட்டு முத்துப்பார்ப் படத்தை விரிக்க வேண்டும். அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளுக்கு மேற்கே, ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்தில் பெரிய பார், செவல் பார், மோதரகம் பார் என்று பெயர்பெற்ற பார்கள் கிடக்கின்றன. பாகம் என்பது ஆறு அடி. ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். பார் என்றதும் பெரிய கற்பாறைத் தொடரென்று எண்ணிவிடக் கூடாது. மணலுக்கு இடையிடையே இறுகிப்போன சுண்ணக்கல்லும் பவளத் துண்டுகளும், சிப்பிக் குஞ்சு ஒட்டிக்கொள்ளப் பிடிமானம் தருகிற தரை, அவ்வளவுதான். சுற்றியுள்ள மணலைவிடச் சில அடி எழும்பியிருந்தால் பெரிது. அந்தச் சில அடியை நம்பித்தான் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் மூவரும் இந்தக் கரையில் கணக்குப் புத்தகம் விரித்தார்கள்.

அந்தப் படத்தை வரைந்த விதம் ஆல்ப்ஸைவிட எனக்கு வியப்பாக இருக்கிறது. ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைப் பூசி இறக்கினால் மணலோ சிப்பித் தூளோ ஒட்டிக்கொண்டு வரும். கல்லென்றால் வெறுமனே வரும். அதற்குமேல் அறிய வேண்டுமானால் ஆள்தான் இறங்க வேண்டும். முத்துப்பார்களைக் கண்காணிக்க ஆங்கில அரசாங்கம் தனி அதிகாரி வைத்திருந்தது. அவர் தோணிகளை வரிசையாக நிறுத்தி, இடம்விட்டு இடம் முழுகுகிறவரை இறக்குவார். கல்லில் கால்வைத்துக் கீழே போய், மூச்சு முட்டுமுன் கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் மேலே வந்தவரின் கூடையில் எத்தனை சிப்பி, எத்தனை வயதுச் சிப்பி என்று எண்ணி எழுதுவார்கள். அறிக்கையில் விழுகிற எண், ஒரு முழுக்குக்கு இத்தனை என்பதுதான். சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், முழுகியவர்களுள் கீழக்கரையார், தொண்டியார், யாழ்ப்பாணத்தார், பாரசீகக் குடாவிலிருந்து வந்த அரபிகள் எல்லோரும் இருந்தார்கள். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்கிற கடல்கட்டியும் இருந்தார். துய்ஃபூருக்கு ஒரு சிகரம் கிடைத்தது. பத்துப் பாகம் கீழே போய்த் தரையைத் தடவிப் பார்த்து வந்தவர் எவருடைய பெயரிலும் ஒரு பார்கூட இல்லை.

1891க்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேலாகச் சலாபம் இல்லாமல் போனது. காரணம் அறிய 1902 தொடக்கத்தில் லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹேர்ட்மன் வந்தார். கூட வந்தவர் ஜேம்ஸ் ஹோர்னெல். 'லேடி ஹவ்லொக்' என்ற நீராவிக் கப்பலில் போய்க் கடலடியை வாரியெடுத்துப் பார்த்து எழுதிய அறிக்கை, 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. அதில் பெரிய பாரைப் பற்றி வருகிற பகுதியை நான் திரும்பத் திரும்ப வாசிப்பதுண்டு. 1880க்கும் 1902க்கும் இடையில் அங்கே பதினொரு தடவையாவது சிப்பிக் குஞ்சு பொலிந்திருக்கிறது. ஒரு தடவைகூட அது முத்துக் குளிக்கிற வயதுவரை நிலைக்கவில்லை. முழுகுகிறவர்கள் அதைத் தாய்ப்பார் என்றார்கள். அங்கே பிறந்த குஞ்சுகள் வளர்ந்து மற்றப் பார்களுக்குக் குடிபோய்விடுவதாக நம்பினார்கள். ஹேர்ட்மன் படத்தைப் பார்த்தார். கரையோரத் திடல் முடிந்து கடல் செங்குத்தாக இறங்குகிற விளிம்புக்குப் பக்கத்தில் கிடக்கிறது பெரிய பார். தென்மேற்குப் பருவத்தில் அடிக்கிற கடல் குஞ்சுகளை மணலால் மூடும், அல்லது வாரி ஆழத்தில் கொட்டும் என்றார். பேராசிரியர் சொன்னதே சரியாக இருக்கும். ஆனாலும் பதினொரு தடவை பெற்று, பதினொரு தடவையும் இழந்த இடத்துக்குத் தாய் என்று பெயரிட்டது பிழையென்று எனக்குப் படவில்லை.

அதன் பிறகு 1903 முதல் ஐந்து வருடம் தொடர்ந்து சலாபம் நடந்தது. 1905இல் அள்ளியதுபோல் அதற்குமுன் அள்ளியதில்லை. அந்தக் கணக்கைப் பார்த்து மயங்கிய லண்டன் கம்பனி ஒன்று 1906இல் பார்களை இருபது வருடக் குத்தகைக்கு எடுத்தது. படம் இருந்தது, விஞ்ஞானம் இருந்தது, முதலும் இருந்தது, சிப்பி வரவில்லை. கம்பனி சில வருடங்களிலேயே மூடப்பட்டது. 1925க்குப் பிறகு பெரிய சலாபமே இல்லை.

கடலில் இறங்கியவர்கள் பாரை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால், கரையைப் பார்த்துத்தான். கடலோரப் பனை ஒன்று, அதற்கு நேர்பின்னால் கோயில் கோபுரம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறபோது நீங்கள் ஒரு கோட்டில் நிற்கிறீர்கள். இன்னொரு பக்கம் இன்னொரு சோடி. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் வலையை விடலாம். துய்ஃபூரின் ஆட்கள் சிகரத்துக்குச் சிகரம் கோணம் பிடித்ததும் இதே கணக்குத்தான், அவர்கள் எழுதிவைத்தார்கள்.

அரிப்பில் ஆளுநர் நோர்த் 1801 முதல் 1804 வரை கட்டிய டோரிக் மாளிகை, சலாபம் நடக்கும்போது தான் வந்து தங்குவதற்கானது. தாழ்ந்த கரையில் அது எழும்பி நின்றதால் கடலில் நிற்பவனுக்குக் குறியுமாயிற்று. இப்போது கடல் கரையை அரித்து அரித்து, இடிந்த சுவர்கள் விளிம்பில் நிற்கின்றன. கிரேக்கத் தூண் வைத்துக் கட்டிய அந்த மனிதரின் பெயரை ஊரில் ஒருவரும் சொல்வதில்லை. அது அல்லிராணிக் கோட்டை. அல்லி என்ற ராணி அரசாண்டதாகக் கதைகளில் சொல்லப்படுகிற குதிரைமலை, தெற்கே வில்பத்துக் காட்டோரம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற செம்மண் முனை. இந்தக் கரையில் மலை என்று பெயர் வாங்கியது அதுதான். நுவரெலியாக்காரர் பார்த்தால் சிரிப்பார்கள். கலங்கிய கடலில் இருந்து பார்த்தவர் சிரிக்கமாட்டார்.

இன்று எல்லாத் தோணியிலும் ஜிபிஎஸ் இருக்கிறது. பார் கிடக்கிற இடத்தை எண்ணாக்கிப் பதிந்து வைத்திருக்கிறார்கள். அதை மருமகனுக்குக்கூடக் காட்டுவதில்லை. மின்கலம் செத்தால் பழையபடி கரையைத்தான் பார்க்க வேண்டும். தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டளவில் எழும்பிய 30 காற்றாலைகள் பனையையும் கோபுரத்தையும்விட உயரமானவை. கடலில் வெகுதூரம் தெரியும். குறிபிடிக்க வசதியாகத்தானே இருக்கும் என்று வங்காலையில் எனக்குத் தெரிந்த வயதான மாமா ஒருவரிடம் கேட்டேன். வலை பொத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னத்தைக் குறிபிடிக்கிறது, சேர்? பனை எண்டால் ஒண்டு வளைஞ்சிருக்கும், ஒண்டு வட்டிழந்து நிக்கும், எனக்கு அது ஆளைத் தெரியும். இது முப்பதும் ஒரே அச்சு. மேற்கால இருந்து ஒண்டு ரெண்டு எண்டு எண்ணிக்கொண்டு வருவன், பதினொண்டு, பன்ரெண்டு... அதுக்குள்ள நீரோட்டம் தோணியை இழுத்துப்போடும். திரும்பவும் ஒண்டில இருந்து எண்ண வேணும்."