சாடியும் சாட்சியும்

பிறர்மேற் குற்றஞ் சுமத்துவது எளிது. குற்றம் உண்டோ இல்லையோ என்று அளந்து பார்ப்பதே அரிது. இருபது ஆண்டுகளாக மாணவர்க்கு இரசாயனம் போதித்துவரும் எமக்கே இவ்வுண்மை ஒரு சாடி நல்லெண்ணெயினால் விளங்க வேண்டியதாயிற்று என்றால், வாசகர் நகைக்கவுங் கூடும்.

சென்ற மார்கழியில் ஒரு சனிக்கிழமை. முழுக்கிற்கென்று எண்ணெயைக் கையில் ஊற்றியபொழுது காறல் மணம் வீசிற்று. எம் தந்தையார் காலந்தொட்டு ஊர்ச் செக்குக்காரப் பெரியவரிடமே நாம் எண்ணெய் வாங்கி வருகின்றோம். எருது போய் மின்மோட்டார் வந்தபின்னும் அவ்வழக்கம் மாறவில்லை. ஆயினும் மலிவான வேறெண்ணெய் ஏதோ கலந்துவிட்டார் என்று எம் மனம் உடனே தீர்ப்பெழுதிற்று. மாலையிற் சந்திக் கடையில், நாலு பேர் கேட்க, "செக்கெண்ணெயையும் இனி நம்புவதற்கில்லை" என்றோம். பெயர் சொன்னோமில்லை, ஆனால் எம்மூரிற் செக்கு ஒன்றே. அடுத்த கிழமையே செக்கடியில் ஆட்கள் குறைந்தனர் என்று கேள்வியுற்றோம்.

தை பிறந்து கல்லூரி தொடங்கியதும், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எம் மேசையருகே வந்து நின்றான். அவன் அப்பெரியவரின் பேரன். முகத்திற் கோபமில்லை. "சேர், அந்த எண்ணெயை எங்கடை ஆய்கூடத்திலை சோதிச்சுப் பாக்கலாமோ?" என்றான். சற்றுத் தயங்கி, "சாடி எண்ணெயை மட்டும் பாத்தால் காணாது. செக்கிலை இருந்து நேரே வாங்கினதையும் வைச்சு ஒப்பிட வேணும்" என்றான். ஒப்பிடுதற்கு ஒன்றில்லாத சோதனை சோதனையாகாது என்று அவனுக்குக் கற்பித்தவர் நாமே! ஐயத்திற்கு இடமிராதபடி வேறொரு மாணவனை அனுப்பிச் செக்கெண்ணெய் வாங்குவித்தோம்.

எண்ணெய் என்பது கிளிசரோல் என்னும் பொருளோடு மூன்று கொழுப்பமிலங்கள் பிணைந்து நிற்பதாகும். அதைப் பிரித்தால் கொழுப்பமிலங்களும் கிளிசரோலும் கிடைக்கும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் செவ்ரூல் ஆராய்ந்து 1823ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். தேங்காயெண்ணெயில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம். அது 12 காபன் அணுக்கள் கொண்ட குறுஞ்சங்கிலி. நல்லெண்ணெயிலோ ஒலேயிக், லினோலேயிக் என்னும் இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு 80 பங்கை அண்டி நிற்கும். இவை 18 காபன் கொண்ட நெடுஞ்சங்கிலிகள். இவ்வேற்றுமையே கலப்படத்தைக் காட்டிக் கொடுக்கும் சாட்சி.

எண்ணெயைக் காரத்தோடு காய்ச்சிச் சவர்க்காரமாக்கும்பொழுது, குறுஞ்சங்கிலிகள் மிகுந்த எண்ணெய்க்கே காரம் அதிகம் வேண்டும். ஒரு கிராம் தேங்காயெண்ணெய்க்குப் பொற்றாசியமைதரொட்சைட்டு 250 மில்லிகிராமுக்கு மேல் வேண்டியிருக்க, நல்லெண்ணெய்க்கு 190 அளவிலேயே போதும். இனி, நிரம்பாத கொழுப்பமிலங்கள் அயடீனை ஏற்பன. 100 கிராம் நல்லெண்ணெய் 104 முதல் 120 கிராம் வரை அயடீனை ஏற்கும். பாமெண்ணெய் 50 கிராமுக்குச் சற்று மேலே. தேங்காயெண்ணெய் 10 கிராம் அளவே. எனவே நல்லெண்ணெயில் ஐந்திலொரு பங்கு தேங்காயெண்ணெய் கலந்தாலும் 110 என்ற எண் 90 வரை இறங்கிவிடும்.

மூன்று நாட் பிற்பகல்கள் மாணவர் உழைத்தனர். சவர்க்கார எண் இரண்டு எண்ணெய்க்கும் 190ஐ ஒட்டியே நின்றது. அயடீன் எண் செக்கெண்ணெய்க்கு 110. எம் வீட்டுச் சாடிக்கு 105. இரண்டும் நல்லெண்ணெயே! கலப்படம் இல்லை. பின்னர் எண்ணெயை மதுசாரத்திற் கரைத்து, பினோத்தலீன் இட்டு, பிரிந்து நிற்கும் அமிலத்தை அளந்தோம். குளிர்முறையிற் பிழிந்த எண்ணெய்க்குச் சர்வதேச உணவு நியமம் விதிக்கும் மேலெல்லை 4. செக்கெண்ணெய் 2ஐயும் எட்டவில்லை. எம் சாடி 5ஐத் தாண்டிற்று.

அளவியில் வீழ்ந்த ஒவ்வொரு துளியும் எம் நாவைச் சுட்டதாகவே உணர்ந்தோம். வகுப்பு முழுவதும் எம் முகத்தைப் பார்த்திருந்தது. பேரன் மட்டும் குறிப்புப் புத்தகத்தில் எண்களை எழுதிக்கொண்டிருந்தான்.

ஐயந்தீரும்பொருட்டுப் பழைய மாணவர் ஒருவருக்கு இரண்டையும் அனுப்பினோம். கொழுப்பமிலங்களை வாயு நிறப்பகுப்பினால் ஒவ்வொன்றாகப் பிரித்தறியும் வழியை யேம்சும் மாட்டினும் 1952இல் வெளியிட்டனர். இன்று கருவியே அவற்றைக் கோடுகளாக வரைந்து தருகின்றது. அவர் அனுப்பிய தாளில் ஒலேயிக், லினோலேயிக் இரண்டும் இரு கோபுரங்கள் போல் உயர்ந்து நின்றன. லோரிக் நிற்க வேண்டிய இடம் வெறுமையாயிருந்தது.

அப்படியாயிற் காறல் எங்கிருந்து வந்தது? வீடு சென்று இல்லாளை வினவினோம். "வடை சுட்ட தாச்சியிலை மிஞ்சிற எண்ணெயை வடிச்சுச் சாடிக்கை விடச் சொன்னது நீங்கள்தானே? வீண்செலவு வேண்டாமெண்டு சொன்னியள்" என்றார். நாமேதான்! சுட்ட எண்ணெயில் உணவின் ஈரம் புகுந்து கொழுப்பமிலங்களைப் பிரித்துவிடும். சூட்டிலே காற்றின் ஒட்சிசன் நிரம்பாத அமிலங்களைத் தாக்கிக் காறலை உண்டாக்கும். அடிமண்டியோடு கிடந்த அவ்வெண்ணெய்மேல் மாதந்தோறும் புதியதை ஊற்றி வந்தோம். எள்ளில் இயற்கையாயமைந்த காப்புப் பொருள்களும் எவ்வளவுக்குத்தான் தாங்கும்?

அன்று மாலையே செக்கடிக்குச் சென்று, "அண்ணை, பிழை என்னுடையது" என்றோம். பெரியவர் பிண்ணாக்கை அள்ளியபடியே, "மாஸ்ரர், அந்தச் சாடியை அண்டைக்கே என்னட்டைக் கொண்டந்திருந்தால் மணந்து பாத்துச் சொல்லியிருப்பன். கடையிலை சொன்னதுதான் மனத்தைத் தாக்கிப்போட்டுது" என்றார். நாம் தலைகுனிந்தோம். நேரே சந்திக் கடைக்குச் சென்று, முன்பு பேசிய அதே வாங்கில் அமர்ந்து, நடந்ததனைத்தையும் உரத்துக் கூறினோம். கேட்டவர் இருவரே. முன்னர்க் கேட்ட நால்வரில் ஒருவர்தாமும் அங்கில்லை. அவர்களைத் தேடி வீடு வீடாகச் செல்ல மேலும் இரண்டு நாட்கள் ஆயின.

இப்பொழுது எம் வீட்டிற் சுட்ட எண்ணெய்க்கு வேறு போத்தல் உண்டு. அன்பார்ந்த மாணவர்களே, அமிலத்தை அளக்க அளவி இருக்கின்றது. அவதூறு எவ்வளவு தூரம் பரவிற்று என்று அளப்பதற்கோ கால்நடையாகத் திரிவதன்றி வேறு கருவியை நாம் கண்டிலோம்.