தறிக்குழியிலிருந்து தெரிந்தது

“நெய்துகிட்டே ஜன்னல் வழியாப் பார்த்தேன். எதிர்த் திண்ணையில இவர்தான் கத்தியால குத்தினார்.” அரசுத் தரப்பின் முதல் சாட்சி, தயக்கமே இல்லாமல் சொன்னார். ஆரணியில் பட்டு நெசவாளர் தெரு ஒன்றில் நடந்த கொலை அது. எதிரிக்காக நான் ஆஜரானேன். இரண்டு குடும்பங்களும் இன்றும் இதே ஊரில் இருப்பதால் பெயர்களை விட்டுவிடுகிறேன்.

போலீசார் எழுதிய பார்வை மகஜரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திண்ணை, தெருவிளக்கு, ரத்தக்கறை, ஜன்னலுக்கும் திண்ணைக்கும் இடையே உள்ள தூரம் எல்லாம் இருந்தன. மாதிரி வரைபடத்தில் சாட்சியின் வீட்டுக்குள் ஒரு சின்னக் கட்டம் போட்டு ‘தறி’ என்று எழுதியிருந்தார்கள். அது குழித்தறி என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

சாட்சியின் வீட்டுக்குள் எதிரியின் வக்கீல் காலெடுத்து வைக்கக் கூடாது. நல்லவேளையாக அந்த வரிசை வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. நாலு வீடு தள்ளி, வழக்கோடு சம்பந்தமில்லாத ஒரு பெரியவரிடம் அனுமதி கேட்டேன். “தாராளமா உக்காந்து பாருங்க சார்” என்று பாவுக்குக் கை படாமல் என்னைத் தறியில் இறக்கிவிட்டார். குழித்தறியில் நெய்பவர் தரை மட்டத்தில் உட்காருகிறார். கால்கள் இரண்டும் குழிக்குள் மிதியில் இருக்கும். அங்கிருந்து ஜன்னலைப் பார்த்தேன். எதிர்வீட்டு ஓட்டு விளிம்பும் அதற்கு மேலே வானமும் தெரிந்தன. திண்ணை தெரியவில்லை. தெருவில் நடந்துபோன ஆளின் தலைகூடத் தெரியவில்லை.

குறுக்கு விசாரணையில் நான் திண்ணையைப் பற்றிப் பேசவே இல்லை. தறியைப் பற்றித்தான் கேட்டேன். குத்து விழுந்தபோது எழுந்து நின்றீர்களா? இல்லை. கால் எங்கே இருந்தது? மிதியில. கை? நாடாவில. ஜன்னல் பக்கம் போனீர்களா? போகல. எல்லாம் முடிந்து கூட்டம் கூடிய பிறகுதான் வெளியே வந்தீர்களா? ஆமாம். இந்தப் பதில்கள் பதிவான பிறகு, அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 310-ஆம் பிரிவின்படி இடத்தை நேரில் பார்க்கவேண்டும் என்று மனுப் போட்டேன். அந்த அதிகாரம் அமர்வு நீதிபதிக்கு உண்டு. ஆனாலும் நம் நீதிமன்றங்களில் அபூர்வமாகத்தான் பயன்படுகிறது. அந்த நீதிபதி வந்தார். இரு தரப்பு வக்கீல்களும் நிற்க, செருப்பைக் கழற்றிவிட்டுச் சாட்சியின் தறிக்குழியில் தாமே இறங்கி உட்கார்ந்தார். கண்டதை அன்றே குறிப்பாக எழுதி வழக்குக் கட்டில் சேர்த்தார். சாட்சி சத்தம் கேட்டிருக்கலாம், குத்தியதைப் பார்த்திருக்க முடியாது என்று தீர்ப்பில் சொல்லி, சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் கொடுத்து விடுதலை செய்தார்.

இடத்தைப் பார்க்கும் பழக்கத்தை எனக்குப் பிடிவாதமாகக் கற்றுக் கொடுத்தவர் என் சீனியர். உயர் நீதிமன்றத்துக்கு அவரோடு போகும் நாட்களில், வேலை முடிந்ததும் பஸ் ஏற விடமாட்டார். “வா தம்பி, ஆளவந்தார் கேஸை நடந்து பார்ப்போம்” என்பார்.

1952 ஆகஸ்ட் 28-ஆம் தேதி காணாமல் போன ஆளவந்தார், சென்னை சைனா பஜாரில் ஜெம் அண்ட் கோ என்ற பேனாக் கடையில் இடம் பிடித்துப் பிளாஸ்டிக் சாமான் விற்றவர். புடவைகளையும் தவணைக்குக் கொடுத்துவந்தார். மறுநாள் போட் மெயில் ரயிலில் நாற்றம் வீசிய ஒரு டிரங்குப் பெட்டியை மானாமதுரையில் திறந்தபோது தலையில்லாத உடல் இருந்தது. தலை பின்னர் ராயபுரம் கடற்கரை மணலில் கிடைத்தது. உடல் ஆளவந்தாருடையதுதான் என்பதற்கு அவர் ராணுவத்தில் வேலை பார்த்தபோது பதிவான கைரேகை உதவியது. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட பிரபாகர மேனனும் தேவகியும் குற்றவாளிகள் என்று ஜூரி சொன்னது. 1953-இல் நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயர் மேனனுக்கு ஏழு ஆண்டும் தேவகிக்கு மூன்று ஆண்டும் தண்டனை விதித்தார். தண்டனை போதுமா என்று வக்கீல்கள் வெகுகாலம் வாதாடினார்கள். வெட்டியதைக் கண்ணால் கண்ட சாட்சி யாருமில்லாமல், சந்தர்ப்ப சாட்சியத்தின் மீது நின்ற வழக்கு அது. கடை, ராயபுரம் செமெட்ரி ரோட்டு வீடு, கடற்கரை, எழும்பூர் ரயில் நிலையம் என்று ஒவ்வொரு கண்ணிக்கும் ஓர் இடம் இருந்தது.

அந்தப் பாதையில் நடந்தால் எவ்வளவு மிச்சமிருக்கிறது, எவ்வளவு போய்விட்டது என்பது காலுக்கே தெரியும். விசாரணை நடந்த, 1892-இல் திறந்த உயர் நீதிமன்றச் சிவப்புக் கட்டடம் அப்படியே நிற்கிறது. 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையமும் இருக்கிறது. ஆனால் கரை மாறிவிட்டது. கடல் அரிப்புக்குப் போட்ட கற்களும் மீன்பிடித் துறைமுகமும் வந்த பிறகு, அந்த மணலில் போய் நிற்க இன்று வழியில்லை. லண்டன் ஒயிட்சாப்பலிலும் இதே நிலைதான். 1888-இல் அடுத்தடுத்துப் பெண்கள் கொல்லப்பட்ட தெருக்களைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள். மைட்டர் சதுக்கம் இருக்கிறது. ஹான்பரி தெருவின் 29-ஆம் எண் வீடு இடிக்கப்பட்டுவிட்டது. கொன்றவன் யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை. அங்கே செத்த ஏழைப் பெண்களைவிடக் கொன்றவனைப் பற்றியே அதிகம் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. ஆனாலும் அந்தச் சந்துகளின் அகலத்தையும் இருட்டையும் பார்க்காமல் அவர்களுடைய கடைசி நேரத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆரணியில் நான் உட்கார்ந்து பார்த்த வரிசையில் பாதி வீடுகள் இன்று மாடி வீடுகள். தறிக்குழியை மூடி டைல்ஸ் போட்டாயிற்று. அதைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை; குழியில் கால் போட்டுத் தேய்ந்தவர்கள் அவர்கள். ஆனால் அதே வழக்கு இன்று மறுவிசாரணைக்கு வந்தால், நீதிபதி உட்கார்ந்து பார்க்க அந்த இடம் இருக்காது.

விக்டோரியா மகாராணி காலத்தில், 1872-இல் வந்த சாட்சியச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்துக்கு இடம் விட்டுவிட்டது. அதே நாளில் வந்த புதிய நடைமுறைச் சட்டம், ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் இடத்துக்குச் சென்று வீடியோ எடுக்கவேண்டும் என்கிறது. இளம் வக்கீல்களே, அந்த வீடியோவைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதோடு நிறுத்தாமல், சாட்சி நின்ற உயரத்தில் நின்றும் உட்கார்ந்த உயரத்தில் உட்கார்ந்தும் பாருங்கள். வீடு இடிபடும் முன்னால் போங்கள்.