மூன்றே முக்கால் அங்குல வீரர்கள்

நம்முடைய வீட்டிற்கு வரும் நண்பர்கள் புத்தக அலமாரியின் அருகே சென்றதும் ஒரு கணம் திகைத்து நின்றுவிடுவது வழக்கம். கம்பராமாயணத்திற்கும் ஆங்கில அகராதிக்கும் நடுவே, சுமார் நாற்பது சிறு மனிதர்கள் அணிவகுத்து நின்று அவர்களை முறைத்துப் பார்ப்பார்கள். "குழந்தைகளுடையதா, சார்?" என்பார்கள் நண்பர்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் தொல்லை தீர்ந்தது. ஆனால் உண்மை பேசும்படி பிள்ளைகளுக்கு உபதேசிப்பதற்காகவே சம்பளம் வாங்கும் உத்தியோகமல்லவா நம்முடையது? ஆகையால், "இல்லை, எல்லாம் நம் சொந்தச் சொத்துத்தான்" என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

இவற்றைப் பொம்மை என்றும் சொல்லக்கூடாதாம். 1964-ல் அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ கம்பெனியார் 'ஜி.ஐ. ஜோ' என்ற பன்னிரண்டு அங்குலப் போர்வீரனை வெளியிட்டபோது, பொம்மை என்றால் ஆண்பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்று பயந்து, 'ஆக்‌ஷன் பிகர்' என்று நாமகரணம் செய்தார்கள். பிறகு 1978-ல் கென்னர் கம்பெனியார் 'ஸ்டார் வார்ஸ்' படத்துப் பாத்திரங்களை மூன்றே முக்கால் அங்குல உயரத்தில் கொண்டுவந்தார்கள். ஆள் சிறுத்தால் அவன் ஏறிச் செல்லும் வாகனத்தையும் வீட்டுக்குள் அடங்கும்படி செய்து விற்கலாம் அல்லவா? வியாபாரிகளின் யுக்தி பலித்தது. 1982-ல் ஜி.ஐ. ஜோவும் அதே உயரத்துக்கு இறங்கிவந்தார். ஆறடி மனிதனைப் பதினெட்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் நான்கு அங்குலம். சூப்பர்மேன், பேட்மேன், ஸ்பைடர்மேன் முதலிய மகாவீரர்களும் அவரவர் காலத்தில் இந்தச் சிறு உடம்புக்குள் புகுந்தே தீரவேண்டியதாயிற்று.

நம் சேகரத்தின் மூத்த புருஷர் ஒரு ஜி.ஐ. ஜோ. எம்.ஆர்.எப். டயர்க் கம்பெனியாரும் ஹாஸ்ப்ரோவும் கூட்டுச் சேர்ந்து 1987-ல் ஆரம்பித்த பன்ஸ்கூல் கம்பெனியின் தயாரிப்பு. நம் தகப்பனார் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். இந்த ஊரில் தீபாவளி போனஸ் என்பது தீபாவளியைவிடப் பெரிய பண்டிகை. அந்தப் போனஸில் வீட்டுக் கடன், மளிகைக் கடன் எல்லாம் போக, மிச்சத்தில் ஒரு வருஷம் அவர் நமக்கு இந்த வீரனை வாங்கிவந்தார். "இவன் எந்த ஊர் சாமிடா?" என்று கேட்டுக்கொண்டே கையில் கொடுத்தார். தகப்பனார் இப்போது இல்லை. வீரன் இருக்கிறான்.

ஒரு வீரனைப் பரீட்சை செய்வதில் நாம் கண்டிப்பான வாத்தியார். பிடிமானம் இல்லாமல் தன் காலில் நிற்கிறானா என்பது முதற்கேள்வி. உலகத்தையே தாங்குவதாகப் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும். மின்விசிறிக் காற்றுக்குக் குப்புற விழுவான். அவனுக்கு நம்மிடம் பாஸ் மார்க்குக் கிடையாது. முழங்கையும் முழங்காலும் மடங்கவேண்டும். மடங்கியது மடங்கியபடி நிற்கவும் வேண்டும். அடுத்தது மேலங்கி. திருப்பூர்க்காரனிடம் துணி விஷயத்தில் யாரும் ஏமாற்ற முடியாது. பிளாஸ்டிக் மேலங்கி நமக்குச் சகிக்காது என்று, கட்டிங் வேஸ்டிலிருந்து சிங்கிள் ஜெர்சித் துணி எடுத்து நாமே தைத்துப் பார்த்தோம். ஓரமெல்லாம் வெற்றிலைச் சுருள் மாதிரி சுருண்டுகொண்டது. அது அந்தத் துணியின் பிறவிக் குணம். சுருளாத இன்டர்லாக் துணியில் தைத்தால் தடிப்பு அதிகமாகி, பேட்மேன் ஜமக்காளம் போர்த்திய சளிக்காரர் போலக் காட்சி அளித்தார். இந்த ஆராய்ச்சி இன்னும் முடிந்தபாடில்லை.

நவராத்திரி வந்தால் இவர்களுக்குக் கொலுவில் கடைசிப் படி. நம் இல்லத்தரசியார் தயவு பண்ணிக் கொடுத்த இடம். "ஏனுங்க, செட்டியார் கடைப் பூசணிக்காய் உசரங்கூட இல்லையே உங்க சூப்பர்மேன்!" என்று அவர் வருஷந்தவறாமல் கேட்பார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

மூன்று வருஷங்களுக்கு முன், ஒரு கொலு முடிந்த மறுநாள், தகப்பனார் வாங்கிக் கொடுத்த வீரனைக் காணோம். முந்தின நாள் மாலை சுண்டலுக்கு வந்த பிள்ளைகளில் நம் வகுப்பு மாணவன் ஒருவன் கடைசிப் படி முன்னால் வெகு நேரம் உட்கார்ந்திருந்தான். பையனின் தகப்பனார் ஒடிஸாவிலிருந்து தையல் வேலைக்கு வந்தவர். வந்தவர்களில் உள்ளூர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் நம் சந்தேகம் நேராக இவனிடம் போய் நின்றது. ஏன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாயிருக்கிறது. வகுப்பு முடிந்தபின் தனியாகக் கூப்பிட்டு, மிகவும் நயமாகத்தான் கேட்டோம். நயமாகக் கேட்டால் கேள்வி மாறிவிடுமா? "நான் எடுக்கலீங்க சார்" என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று முதல் நம் வீட்டுப் பக்கம் வரவுமில்லை.

அடுத்த வருஷம் கொலுப் பெட்டியைத் திறந்தோம். பொம்மைகளைப் பனியன் வேஸ்டில் சுற்றி வைப்பது இந்த ஊர் வழக்கம். கிருஷ்ணனைச் சுற்றியிருந்த துணியின் மடிப்புக்குள், இடுப்போடு இரண்டு துண்டாகக் கிடந்தான் நம் வீரன்.

இந்த உயரத்து ஜோக்களின் இடுப்பினுள் ஒரு சிறு ரப்பர் வளையம் உண்டு. மேலுடம்பையும் கால்களையும் அது ஒன்றுதான் பிணைத்துப் பிடித்திருக்கிறது. முப்பது வருஷமானால் எந்த ரப்பரும் இறுகி அறுந்துபோகும், யார்மேலும் குற்றமில்லை. குற்றம் வேறிடத்தில் இருந்தது.

அன்று மாலையே இரண்டு துண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவர்கள் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனோம். தகப்பனார் பதறி எழுந்து, வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைப் போட்டார். நாம் உட்காரவில்லை. நடந்ததை அவர் முன்னிலையிலேயே சொல்லி, பையனிடம் மன்னிப்புக் கேட்டோம். இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் ஒரு மாணவனிடம் மன்னிப்புக் கேட்டது அதுவே முதல் தடவை. அவன் நம் முகத்தைப் பார்க்கவில்லை, கையை நீட்டினான். துண்டுகளைக் கொடுத்தோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓ-ரிங் போயிருச்சுங்க சார். மோட்டார் ரிப்பேர்க் கடையில கிடைக்கும்" என்றான். மன்னித்தானா என்பது அன்று தெரியவில்லை.

நான்கு நாள் கழித்து வந்தான். முதுகுத் திருகாணியைக் கழற்றி, புது வளையத்தை மாட்டி மூடினான். வீரன் நின்றான். ஆனால் அவனுடைய துப்பாக்கி எப்போதோ தொலைந்துபோய், கை சும்மா இருந்தது. பையன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "சார், ஸ்டேஷன் பக்கத்துல மண்டபம் இருக்கே, கொடி காத்த குமரன், அவருக்கு இந்த மாதிரி வரலீங்களா?" என்று கேட்டான்.

வரவில்லை. 1932 ஜனவரியில் இதே திருப்பூர் வீதியில் தடியடி பட்டு விழுந்தபோதும் கையிலிருந்த கொடியை விடாமல், மறுநாள் இருபத்தேழாம் வயதில் உயிர் நீத்த குமரனை எந்தக் கம்பெனியும் மூன்றே முக்கால் அங்குலத்தில் செய்து நம் கண்ணில் பட்டதில்லை. பையன் ஊசியில் ஒரு துண்டு வெள்ளைத் துணியைக் கோத்து, ஸ்கெட்ச் பேனாவால் மேலே காவியும் கீழே பச்சையும் தீட்டி, நடுவில் நீலச் சக்கரம் போடப்போனான். நமக்குள்ளிருந்த வாத்தியார் சும்மா இருப்பாரா? "இருப்பா! அசோகச் சக்கரம் 1947-ல் வந்தது. குமரன் பிடித்த காலத்துக் கொடியில் இராட்டை" என்றோம்.

கட்டைவிரல் நகத்தளவு துணியில் இராட்டை வரைவது சுலபமா? மூன்று துணி வீணாயிற்று. நான்காவதில் ஒருவாறு வந்தது. இல்லத்தரசியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "இதென்னுங்க, ஓவர்லாக் மிஷினாட்டம் இருக்குது!" என்றார். பையன் முதல் தடவையாகச் சிரித்தான். கொடியை அப்படியே விட்டுவிட்டோம்.