முத்துக் குளித்த கரையில் நான்கு தலைமுறை

குடும்பத்தார் அனைவரும் ஒருங்கே உல்லாசப் பயணம் போவதென்பது ஒரு கலியாணத்தை நடத்தி முடிப்பதற்கு ஒப்பானது. கையில் பணம் இருந்தால் மட்டும் போதாது. முதியவரின் முழங்காலையும், குழந்தையின் உறக்கத்தையும், இடையிலுள்ளோரின் விடுமுறைக் கணக்கையும் ஒருங்கே கருத்திற் கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இந்தப் பாடத்தை நாம் நன்கு கற்றுக்கொண்டோம்.

கத்தார் நாட்டில் நெடுங்காலம் உழைத்த நம் தமையனார், "இம்முறை செலவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே புத்தளத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எழுபத்தெட்டு வயதான உம்மா முதல் எட்டு மாதக் கொள்ளுப்பேரன் வரை நான்கு தலைமுறையினர், மொத்தம் பதின்மூன்று பேர். எங்கே போவது? பிள்ளைகள் ஒரே குரலில் சிங்கப்பூர் என்றனர். அங்கே செந்தோசாத் தீவிலுள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸ் என்னும் உல்லாசப் பூங்காவின் படங்களை அவர்கள் மனப்பாடமாகவே வைத்திருந்தனர். விமானச் சீட்டு, விடுதி, நுழைவுக் கட்டணம் என்று தமையனார் தாளில் எழுதிக் கூட்டிக்கொண்டு போனார்.

அதுவரை மௌனமாயிருந்த உம்மா அப்போது சொன்னார்: "எல்லாரும் நல்லாப் போய்ட்டு வாங்க மகன். என்னைய ஒரு நாளைக்கு மறிச்சுக்கட்டிக்குக் கூட்டிட்டுப் போனாப் போதும்."

தமையனாரின் பேனா நின்றுவிட்டது. நாமும் தலை கவிழ்ந்தோம். காரணம் உண்டு.

மறிச்சுக்கட்டி, மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், முசலிப் பிரிவில், வில்பத்துக் காட்டின் விளிம்பில் உள்ள ஊர். உம்மா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அங்கேதான். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கையில் எடுத்ததை எடுத்துக்கொண்டு ஊர் முழுவதும் புறப்பட்டது. நமது குடும்பம் புத்தளத்தில் வேர்விட்டது. 2009இல் போர் முடிந்த பின் பலர் மீண்டும் சென்று குடியேறினர். உம்மாவும் போக விரும்பினார். முதலில் வாப்பாவின் நோய், பின்பு நமது அலுவல், அதன் பின்பு உம்மாவின் முழங்கால் வலி என்று ஆண்டுதோறும் அதைத் தள்ளிப்போட்டவர்கள் நாமே. பணம் இல்லை என்று சொல்லித் தப்பிக்க இம்முறை வழியில்லை.

ஆகவே பயணத்தை இரண்டாக வகுத்தோம். முதல் மூன்று நாள் மன்னார்ப் பக்கம், எல்லோரும். அதன்பின் இளையவர்களும் அவர்களுடைய பெற்றோரும் சிங்கப்பூர். உம்மாவை விமானத்தில் ஏற்றிப் பூங்காவின் வாயிலில் சக்கர நாற்காலியில் காத்திருக்கச் செய்வதை விட இது எவ்வளவோ மேல் என்று யாவரும் ஒப்புக்கொண்டனர். சிறுவர்களும் மறுக்கவில்லை; சிங்கப்பூர் உண்டல்லவா!

திட்டத்தைச் சற்று விரித்துச் சொன்னால் வாசகர் சிலருக்கேனும் பயன்படும். பதின்மூன்று பேருக்கும் ஒரு பெரிய வான்; அதனுடன் ஒரு சிறிய கார். முதியவரோ குழந்தையோ களைத்துவிட்டால் அவர்களை மட்டும் அறைக்குத் திருப்பி அழைத்துவர அந்தக் கார். மன்னார் நகரில், படி ஏறத் தேவையில்லாத கீழ்த்தள அறைகளையே கேட்டு வாங்கினோம். காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம். நண்பகலில் கட்டாய ஓய்வு. கையில் பணம் அதிகம் இருக்கும்போது அதைக் கொண்டு மேலும் பல இடங்களை வாங்குவதை விட, இளைப்பாறும் நேரத்தை வாங்குவதே அறிவுடைமை.

புத்தளத்திலிருந்து வில்பத்துக் காட்டினூடே செல்லும் பழைய வழி மிகக் குறுகியது. ஆனால் அது நீண்ட வழக்குக்கு உட்பட்டது. எனவே அநுராதபுரம், மதவாச்சி என்று சுற்றி, கட்டுக்கரைக் குளத்தின் பக்கமாக மன்னாரை அடைந்தோம். முதல் நாள் பிள்ளைகளுக்கு. தெருவில் தன்னிச்சையாகத் திரியும் கழுதைகளையும், பள்ளிமுனையில் நிற்கும் யானைக்கால் போன்ற பருத்த பெருக்கமரத்தையும் கண்டு அவர்கள் மகிழ்ந்தனர். ஆபிரிக்காவுக்குரிய அந்த மரம் அரபு வணிகரோடு இங்கு வந்தது என்பர்.

இரண்டாம் நாள் காலை தெற்கே திரும்பினோம். வங்காலையைக் கடந்து, அருவி ஆற்றைத் தாண்டினால் அரிப்பு. கண்டி அரசரிடம் பத்தொன்பது ஆண்டு சிறையிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1679இல் வந்து சேர்ந்த ஒல்லாந்தர் கோட்டை இங்கேதான் இருக்கிறது. கடற்கரை மேட்டில் வேறொரு பாழ்மாளிகையும் உண்டு. பிரித்தானியரின் முதலாவது தேசாதிபதி பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தங்கும்பொருட்டு 1801 தொடக்கம் 1804 வரையில் கட்டிய மாளிகை அது. ஊரார் அதை அல்லி ராணி கோட்டை என்றே அழைக்கின்றனர். அலைகள் மேட்டை அரித்து, மாளிகையின் சுவர்களை ஒவ்வொன்றாகக் கடலுக்குள் இழுத்துக்கொண்டிருக்கின்றன.

அங்கிருந்து சிலாவத்துறை. சலாபம் என்பது முத்துக்குளிப்பைக் குறிக்கும் பழஞ்சொல். சலாபத்துறையே சிலாவத்துறை ஆயிற்று என்பர். அதன் தெற்கே கொண்டச்சி. அதற்கும் தெற்கே நமது மறிச்சுக்கட்டி.

வண்டியில் உம்மா பேசத் தொடங்கினார். அவருடைய பாட்டனார் சிறுவனாயிருந்தபோது சலாபக் காலத்தில் கூடாரங்களுக்குத் தண்ணீர் சுமந்தவராம். உம்மா சொன்னதும் நூல்கள் சொல்வதும் ஒத்தே இருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறிச்சுக்கட்டிக் கரையில் ஆண்டின் முற்பகுதியில் சில வாரங்களுக்கு மட்டும் ஒரு நகரம் எழும். ஓலையாலும் தடியாலும் கட்டிய நகரம். ஆயினும் நேர்த்தெருக்களும், நீதிமன்றமும், ஆஸ்பத்திரியும், தபாற் கந்தோரும், சிறைச்சாலையும் அதில் இருந்தன. கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலிருந்தும், அரபிக் கரையிலிருந்தும் குளியாளர் வருவர். வணிகரும், செப்படி வித்தைக்காரரும், பிச்சைக்காரரும் பின்தொடர்வர். ஏறக்குறைய 40,000 பேர் கூடுவராம்.

குளியாளர் காலிற் கல்லைக் கட்டிய கயிற்றுடன் இறங்கி, மூச்சடக்கி, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கூடையை நிரப்பி மேலே வருவார். சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று 'கடல்கட்டி' எனப்படும் மந்திரக்காரரை அரசாங்கமே அமர்த்தியிருந்தது. கரை சேர்ந்த சிப்பி 'கொட்டு' என்னும் அடைப்புக்குள் மூன்று பங்காகும். இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவருக்கு. அரசின் பங்கு இரவில் ஏலம் போகும். வாங்கியவர் அதைப் பல நாள் அழுக வைத்து, ஈ மொய்க்கக் கழுவி, முத்தைத் தேடுவார். 1905ஆம் ஆண்டில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு வந்தது ஏறக்குறைய 25 இலட்சம் ரூபாய். மறு ஆண்டில் இந்தக் கூட்டத்தை மேய்க்க வந்த இளம் அதிகாரிகளில் ஒருவரே பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப். அந்த 1906லேயே முத்துப் பார்களை ஒரு கம்பனிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விட்டனர். 1907க்குப் பின் பார்கள் வெறுமையாயின, கம்பனியும் கலைந்தது.

"அந்த நகரம் எங்கே, வாப்பும்மா?" என்று கேட்டான் பத்து வயதுப் பேரன். கடற்கரையில் மணலும், சோளகக் காற்றும், காலில் குத்தும் கிளிஞ்சல் துண்டுகளுமே இருந்தன. "காத்துல வந்துச்சு, காத்துல போச்சு" என்றார் உம்மா. பிள்ளைகள் அதை நம்ப மாட்டாதவர்களாய் மணலைக் கிளறிக்கொண்டிருந்தனர். தமையனாரின் விலையுயர்ந்த செருப்பைப் பறித்து அலையில் ஓட விட்டதும் அப்போதுதான்.

ஊருக்குள் போனோம். புதிய வீடுகள், பள்ளிவாசல், இடையிடையே காடு. ஆளில்லாத இருபது ஆண்டில் மரங்கள் வளர்ந்துவிட்டன. ஊர் எது, காடு எது என்பதே வழக்காகிவிட்டது. 2017இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிக் காடு பேணற்காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது மக்கள் வீதியோரம் அமர்ந்து போராடினர். காடும் வேண்டும், ஊரும் வேண்டும். இரண்டுக்கும் எல்லை வகுப்பவர் அங்கே வாழ்ந்தவரையும் கேட்டு வகுத்தல் வேண்டும்.

நமது வளவை உறவினர் ஒருவர் காட்டினார். வீட்டின் அத்திவாரம் மட்டும் தெரிந்தது. உம்மா அதைப் பார்த்து அழவில்லை. நேரே வேலியோரம் நடந்து, பற்றையை விலக்கச் சொல்லி, "கிணறு இதுலதான் இரிக்கணும்" என்றார். இருந்தது, பாதி தூர்ந்து, மேல்வட்டம் உடைந்து கிடந்தது. அதன் விளிம்பிற் கையை ஊன்றி நெடுநேரம் நின்றார். காரில் திரும்பிப் போகலாமா என்று கேட்டோம். "இன்னும் கொஞ்சம் நேரம் நிக்கிறன் மகன்" என்றார். திட்டத்தின்படி மாலைக்கு ஒதுக்கியிருந்த இடத்தை அங்கேயே கைவிட்டோம்.

அன்றிரவு தமையனார் தம் தாளை மீண்டும் எடுத்தார். சிங்கப்பூரில் ஒரு நாளைக் குறைத்தார். அந்தத் தொகைக்கு எதிரே 'கிணறு' என்று எழுதினார். பிள்ளைகள் நான்கு நாளுக்குப் பதில் மூன்று நாள் போய், பூங்காவின் உருளைத் தொடர்வண்டியில் அலறி மகிழ்ந்து வந்தனர். அந்த மகிழ்ச்சியையும் நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம்.

கிணறு ஒரு மாதத்திற்குள் தூர்வாரப்பட்டது. உறவினர் ஒரு போத்தலில் அந்த நீரைப் புத்தளத்துக்குக் கொடுத்தனுப்பினார். உம்மா ஒரு மிடறு குடித்தார். "கொஞ்சம் உப்புத்தான்" என்றார். பின்பு போத்தலை மூடித் தம் கட்டிலருகே வைத்துக்கொண்டார்.

முதியவர் ஒருவர் வீட்டில் இருக்க, பெரும் பயணம் ஒன்றைத் திட்டமிடும் வாசகர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: சீட்டு வாங்குமுன் அவரிடம் ஒரு சொல் கேளுங்கள். அவர் கேட்பது பெரும்பாலும் மலிவானதாகவே இருக்கும்.